ஆடாத பல்

வருடத்துக்கு ஒரு முறை சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன். தருமவான் என்று யாரும் கும்பிட்டுவிட வேண்டாம். பரிசோதனைக்குத்தான், ஒரு சின்னக் குப்பி. அதற்கே முந்தின நாள் முடி வெட்டி, சட்டை துவைத்து, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி காலைப் பஸ்ஸைப் பிடிப்பேன். ஊசி போடும் நர்ஸம்மாவிடம், பார்த்து எடுங்கம்மா, பழைய சரக்கு என்பேன். அவர் சிரிப்பார். சிரிக்க வைத்துவிட்டால் நம் உள்ளங்கை வேர்த்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. ஐம்பது வயதுக்குள் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட தொழில் இது ஒன்றுதான்.

இந்த முறை புது டாக்டர். நம்மவர். படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், ரசாயனம், எண்ணெய், புகை என்று இந்த மாதிரி வேலையில் ரொம்ப நாள் இருந்திருக்கிறீர்களா என்றார். மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில் இரண்டரை வருடம் ரப்பரைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தேன் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ரப்பரிலிருந்து எண்ணெயா?

வேலையை அவருக்கு விளக்கினேன். அந்த வேலையில் நான் அடித்த கூத்தைச் சொல்லவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

எங்கள் தோட்டம் புக்கிட் பெலண்டோக் பக்கம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ரப்பரை வாங்க ஆள் கிடையாது. ஸ்டோரில் ரப்பர் ஷீட்டு கூரையை முட்டிக்கொண்டு அடுக்கிக் கிடந்தது. இன்னொரு பக்கம், லாரிக்கு ஊற்றப் பெட்ரோல் கிடையாது. ஜப்பான்காரன் இந்த இரண்டு தலைவலியையும் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சச் சொல்லிவிட்டான்.

ஸ்டோருக்குப் பின்னால் ஓடையோரம் செங்கல் அடுப்பு கட்டி, மேலே இரும்புப் பீப்பாய் ஏற்றினோம். ஷீட்டையும், மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலையும் துண்டு துண்டாக வெட்டி உள்ளே திணித்து, மூடியைச் சுற்றிக் களிமண் அப்பி, கீழே விறகைத் தள்ளினால் ரப்பர் உருகி ஆவியாகும். ஆவி ஒரு குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் நுழைந்து, மறுபக்கம் சொட்டுச் சொட்டாக விழும். முதலில் விழுவது தண்ணீர் மாதிரி லேசாக இருக்கும். அதன் வாசம் மூக்கோடு நிற்காது, கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அதுதான் லாரி எண்ணெய். பின்னால் வருவது கருப்பாக, கெட்டியாக, இயந்திரத்துக்கு.

அடுப்புக்கு இரண்டு பேர். நானும் இன்னொருவரும். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவரை மச்சான் என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னை மாப்ளே என்பார். சொந்தம் ஒன்றும் இல்லை. லயத்து வரிசை வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறை, ஒரே ஓடைத் தண்ணீர், அதனால் வந்த உறவு. ஜப்பான் சண்டைக்கு முன்னால் அவர் மனைவியையும் பிள்ளைகளையும் ஊருக்குக் கப்பல் ஏற்றி அனுப்பியிருந்தார். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகப் போனவர்கள். அப்புறம் கப்பலும் இல்லை, கடுதாசியும் இல்லை. எனக்கு இருந்தது ஓர் அண்ணன். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது முதல் லாரியிலேயே அவனை ஏற்றிவிட்டார்கள். அங்கே போனவர்கள் திரும்புவது அபூர்வம். ஆக, இரண்டு அறையிலும் ஒவ்வொரு ஆள், ஒவ்வொரு சட்டி.

எண்ணெய் அடுப்புக்காரனைச் சயாமுக்குப் பிடிக்க மாட்டார்கள். அதற்கு அடையாளமாகக் கையில் ஒரு துணிப்பட்டை கட்டியிருப்போம். குளிக்கும்போதும் நான் அதைக் கழற்றியதில்லை. அந்தப் புகை எவ்வளவு நாறினாலும் எங்களுக்கு அது உயிர்ப் புகை. சோப்பு இல்லாத காலம். கையில் ஒட்டிய பிசினை அந்த லேசு எண்ணெயில்தான் கழுவினோம். சொறி சிரங்குக்கும் அதைத்தான் தடவினோம். எட்டாத இடத்தில் நான் அவர் முதுகில் தேய்ப்பேன், அவர் என் முதுகில் தேய்ப்பார். மலிவான வைத்தியம்லா என்று பெருமை வேறு.

பெரிய வேலை கடைசியில் இருந்தது. சேர்ந்த எண்ணெயைப் பீப்பாயிலிருந்து தகர டின்னுக்கு மாற்ற வேண்டும். ஸ்டோரில் இருந்த கைப்பம்பை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மீதி இருந்தது ஒரு ரப்பர் குழாயும் எங்கள் வாயும்தான். ஒரு முனையைப் பீப்பாய்க்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். எண்ணெய் ஏறி வரும் நேரம் பார்த்துச் சட்டென்று வாயை எடுத்து, குழாயை டின்னுக்குள் சொருக வேண்டும். நேரம் தப்பினால் ஒரு மிடறு உள்ளே.

முதல் நாள் நான் உறிஞ்சினேன். நேரம் தப்பியது. அன்று முழுக்க ஏப்பம் விட்டால் லாரி வாசம். அடுத்த நாள் காலையிலேயே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தேன். கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது மச்சான், குழாயைக் கடித்தால் கையோடு வந்துவிடும் என்றேன். நன்றாக நடித்தேன் என்றுதான் நினைப்பு, எச்சில்கூட ஒழுகவிட்டேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு குழாயை வாங்கிக்கொண்டார்.

அவ்வளவுதான். அந்தப் பல் இரண்டு வருடம் ஆடியது. அவர் நாளுக்கு ஏழெட்டு முறை உறிஞ்சினார். நான் டின்னைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பேசினேன்.

வேலை முடிந்ததும் அவர் மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுப்பார். எண்ணெய் ருசி போக அதுதான் மருந்து. தனக்கு ஒன்று மடிப்பதற்கு முன் எனக்கு ஒன்று மடித்து நீட்டுவார். வெற்றிலை கொல்லையில் படர்ந்தது, பாக்கு மரம் ஓடையோரம், சிப்பிச் சுண்ணாம்பு கடலோரத்து லுக்குட்டிலிருந்து வரும் ஒரு கிழவர் கொண்டுவருவார். அரிசியைக் கண்ணால் பார்க்காத நாட்களிலும் எங்கள் வாய் மாத்திரம் கல்யாண வீடு மாதிரி சிவந்திருந்தது.

அதுதான் வினையாகவும் போனது. அவர் முகம் வெளுத்திருந்ததை எல்லாரும் பார்த்தோம். மரவள்ளி தின்று தோட்டமே வெளுத்திருந்தது, அதில் இவர் வெளுப்பை யார் தனியாகப் பிரித்துப் பார்ப்பது? தொடையில் நீலத் திட்டு இருந்தது. விறகு இடித்திருக்கும் என்றார். சாயங்காலத்தில் காய்ச்சல் வந்தது. யாருக்குத்தான் வரவில்லை?

ஒரு தடவை சுண்ணாம்புக் கிழவர் மூன்று நாள் வரவில்லை. சுண்ணாம்பு இல்லாமல் வெற்றிலை சிவக்காது. வெறும் இலையும் பாக்குமாக ஆடு மாதிரி மென்று துப்பிக்கொண்டிருந்தோம். என் எச்சில் பச்சையாக விழுந்தது. அவர் பக்கத்தில் துப்பினார். செக்கச் செவேலென்று இருந்தது.

எனக்குக் குஷி வந்துவிட்டது. "மச்சான், நமக்குத் தெரியாம சுண்ணாம்பு ஒளிச்சு வச்சிருக்கீங்களா? எந்தப் பக்கத்து மடியில?"

அவரும் சிரித்தார். சிரித்தபோது பல்லின் ஓரமெல்லாம் சிவப்பு வரி தெரிந்தது. பிறகு ஒரு விரலை ஈறில் வைத்து எடுத்துப் பார்த்தார். அதைக் கைலியில் துடைத்துவிட்டு விறகு தள்ளப் போனார். எத்தனை வாரமாக அப்படிக் கசிந்துகொண்டிருந்ததோ, வெற்றிலை மறைத்துவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே டாக்டர் இல்லாத குறைக்கு மருந்து கொடுக்கும் டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து அலமாரியில் போத்தல்கள் காலியாக இருந்தாலும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். மலேரியாப் பூச்சி தேட ஒரு மைக்ராஸ்கோப் வைத்திருந்தார், இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து பார்க்கிற மாதிரி. மச்சான் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தடவி வெகுநேரம் பார்த்தார். மறுநாளும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். பிறகு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"பூச்சி இல்லைக் காணும். வெள்ளையணுதான், பார்க்கிற இடமெல்லாம். இரத்தம் ஊறுற இடமே பழுதாப் போச்சுப் போல. இரத்தத்தில வாற புற்று எண்டு நினைக்கிறன்."

எண்ணெயாலா என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றார். அந்தப் புகைக்குள் என்னென்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும், வருடக்கணக்காக அதைச் சுவாசித்தால் சிலருக்கு ரத்தத்தில் கேடு வரலாம் என்று படித்த ஞாபகம், எல்லாருக்கும் வராது, யாருக்கு வருமென்றும் சொல்ல முடியாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, "வாயால இழுக்கிற வேலையை மட்டும் விடச் சொல்லும்" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே பயம் வந்தது. மச்சானுக்காக என்று எழுத ஆசைதான். இல்லை, எனக்காக.

மறுநாள் காலை முதல் வெற்றிலையை விட்டேன். வாய் சுத்தமாக இருந்தால்தானே எச்சில் நிறம் தெரியும். கிணற்றடியில் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று இருந்தது. விடிந்ததும் அதன்மேல் துப்பி, குனிந்து, கோழி மாதிரி தலையைச் சாய்த்துப் பார்ப்பேன். வெள்ளை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. வெள்ளை. தண்ணீருக்கு வந்த பெண்கள் வேறு கிணற்றுக்குப் போனார்கள். அடுத்தது நீலத் திட்டு. உடம்பு இலேசில் நீலம் பாய்கிறதா என்று அறிய, கையில் கிள்ளிப் பார்த்தேன். பாய்ந்தது. பக்கத்தில் கிள்ளினேன். அங்கேயும் பாய்ந்தது. மூன்றாம் நாள் தோள்வரை நீலமாக டிரசர் முன்னால் போய் நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, "இது ஆர் கிள்ளினது?" என்றார். நான்தான் என்றேன். போம் என்றார்.

முதுகுதான் பெரிய தொல்லை. சொந்த முதுகை எப்படிப் பார்ப்பது? கண்ணாடித் துண்டைத் தோளுக்கு மேலே பிடித்தேன், காதுதான் தெரிந்தது. ஓடைத் தண்ணீரில் திரும்பி நின்று எட்டிப் பார்க்கப் போய் உள்ளேயே விழுந்தேன். பார்க்கச் சொல்ல ஓர் ஆள் இருந்தார், அடுத்த அறையில். அவரிடம்தான் கேட்க முடியவில்லை.

ஏனென்றால் அதற்குள் வெற்றிலை குறுக்கே வந்துவிட்டது. டிரசர் சொன்னதை நான் போய்ச் சொன்ன பிறகும் மச்சான் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். அடுப்பை விட்டால் பட்டை போகும். பட்டை போனால் சயாம். குழாயையும் அவரே எடுத்தார், நானும் பேசாமல் டின்னைப் பிடித்தேன். வேலை முடிந்து ஒன்றை மடித்து எனக்கு நீட்டினார். வேணாம் மச்சான், வாய்ப்புண் என்றேன். நீட்டிய கையைப் பார்த்தார், பிறகு அதைத் தானே போட்டுக்கொண்டார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் நீட்டவில்லை. அது மட்டுமில்லை, இரண்டு பேரும் தண்ணீர் மோந்து குடிக்கும் சிரட்டை ஒன்று இருந்தது. அன்று அவர் தனக்கென்று வேறு சிரட்டை கொண்டுவந்து, தன் பக்கத்துக் கல்லில் கவிழ்த்து வைத்தார்.

நோய் ஒட்டிக்கொள்ளும் என்று நான் ஒதுங்குவதாக அவர் நினைத்துவிட்டார். எனக்குப் புரிந்தது. சொல்லியிருக்கலாம், என் எச்சிலைப் பார்க்கத்தான் வெற்றிலையை விட்டேன் மச்சான் என்று. அவர் உடனே கேட்பார்: உறிஞ்சினது நான், பயம் உனக்கு ஏன்? அங்கிருந்து பேச்சு நேரே பல்லுக்கு வந்து நிற்கும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். தோட்டத்திலேயே அதிகம் பேசுகிற வாய் அது.

அந்த வாரமே அவர் அடுப்படியில் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் போட்டார்கள். எனக்குப் புது ஆள் தரவில்லை, தனியாகவே பார் என்றுவிட்டான் மேற்பார்வை ஜப்பான்காரன். லயத்துக்குத் திரும்பினால் பக்கத்து அறையில் சட்டி உருளும் சத்தம் இல்லை. ஒரு நாள் சும்மா சுவரைத் தட்டிப் பார்த்தேன். யார் பதில் தட்டுவார்கள் என்று நினைத்தேனோ.

முதல் நாள் குழாயை எடுக்காமல் தப்பிக்கப் பார்த்தேன். பீப்பாயைச் சாய்த்து ஊற்றலாம் என்று தோள் கொடுத்தேன். பாதி எண்ணெய் மண்ணில் போனது. என் கன்னத்தில் ஜப்பான் கை இரண்டு முறை விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குப் பல் நிஜமாகவே கொஞ்சம் ஆடியது. பிறகு குழாயை வாயில் வைத்தேன். வாய் வைக்கும் முனை அவர் பல் பட்டுப் பட்டுத் தேய்ந்து, ஒரு பக்கம் பள்ளமாக இருந்தது. என் பல் அந்தப் பள்ளத்தில் பொருந்தவில்லை.

பதினேழு நாள் நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. அடுப்படியிலிருந்து கூப்பிடு தூரம். பதினெட்டாம் நாள் போனேன். தைரியம் வந்து போகவில்லை. முதுகில் ஏதோ அரித்தது, அது நீலமா சிரங்கா என்று தெரியாமல் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. மனிதன் மன்னிப்புக் கேட்கப் போவான், சாவு விசாரிக்கப் போவான். நான் முதுகைக் காட்டப் போனேன்.

அவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. வெற்றிலைப் பை மடியிலேயே இருந்தது, போட முடியாவிட்டாலும். வா மாப்ளே என்றார், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. கிட்ட வராதே, ஒட்டிக்கும் என்றும் சொன்னார். அதில் கொஞ்சம் காரம் இருந்தது.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளைக் கல், கிள்ளல், ஓடையில் விழுந்தது, வெற்றிலையை விட்ட காரணம். கடைசியில் பல். "ஆடவே இல்ல மச்சான். ஒரு நாளும் ஆடல. பொய் சொன்னேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார், உதடு வலித்தது, நிறுத்திக்கொண்டார்.

"தெரியும்டா. ஆடுற பல்ல வச்சிக்கிட்டு எவனாச்சும் கொட்டப்பாக்க நறுக்குனு கடிப்பானா? நான் சீவிக் குடுக்குறதுக்குள்ள முழுசாப் போட்டு ஒடைப்பே. ரெண்டு வருசமாப் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

பிறகு ஏன் உறிஞ்சினீர்கள் என்று கேட்டேன்.

உனக்காகன்னு நெனைச்சிக்காதே என்றார். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். கள்ளுக்கடையை மூடிட்டான். அந்த எண்ணெய் ஏறி வரும்போது ஒரு கிறுகிறுப்பு வரும். அந்தக் கிறுகிறுப்பில் கொஞ்ச நேரம் பிள்ளைகள் முகம் மறந்து போகும். உனக்குக் கொடுத்தால் நீ வீணாக்கியிருப்பாய். இதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அவர் சொன்னது நிஜமா, என் பாரத்தை இறக்கச் சொன்னதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கிறுகிறுப்பு அதற்குள் எனக்கும் பழக்கமாகியிருந்தது. அதனால் பாதியாவது நிஜமாக இருக்கும்.

"எதுக்கு வந்தே? முதுகுக்கா? திரும்பு."

சட்டையைத் தூக்கித் திரும்பி உட்கார்ந்தேன். அவர் விரல் என் முதுகில் மேலிருந்து கீழே மெதுவாக வந்தது. எலும்பாகியிருந்தது, ஆனால் அதே விரல். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல முடியாது. ஓர் இடத்தில் நின்றது. என் உயிரும் அங்கேயே நின்றது.

"நீலம் ஒண்ணும் இல்ல," என்றார். "அழுக்கு இருக்கு. தேச்சிக் குளி."

அப்புறம் பையை அவிழ்த்து ஒன்று மடித்தார். சுண்ணாம்பு தடவும்போது பாதி போர்வையில் பட்டது. நீட்டினார். வாங்கிப் போட்டுக்கொண்டேன். மூன்று வாரமாக வறண்ட வாய்க்கு அது எப்படி இருந்ததென்று எழுதத் தெரியவில்லை. நான் ஜன்னல் வழியாகத் துப்பியதும், செவப்பா என்று கேட்டார். சிவப்புதான் மச்சான் என்றேன். அது என் வெத்தில, பயப்படாதே என்றார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். தினமும் போனேன். தினமும் முதுகைக் காட்டினேன், அழுக்கு குறைந்திருக்கிறது என்பார். பத்தாம் நாள் போனபோது கட்டிலை வெளியே வெயிலில் போட்டிருந்தார்கள். ஊருக்குச் சொல்ல முகவரி கிடைக்குமா என்று அவர் அறையில் தேடினேன். ஒரு சட்டி, ஒரு பாய், சிரட்டை. சண்டை முடிகிறவரை நானே உறிஞ்சினேன். பள்ளம் விழுந்த முனையை வெட்டி எறியலாம் என்று கணக்கு எழுதும் கிராணிகூடச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

அன்றிலிருந்து என் முதுகை யாரும் பார்த்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் வீட்டாரிடம் எதைக் காட்டுவது, எதை மறைப்பது? போன வருடத்து ரத்தம் நன்றாக இருக்கிறது, இத்தனை வருடம் கடந்ததே நல்ல அடையாளம், ஆனாலும் வந்து காட்டிக்கொண்டிருங்கள் என்றார் புது டாக்டர். அந்தப் புகையில் ரத்தத்தைக் கெடுப்பது ஏதாவது இருந்திருக்கலாம், அதை இப்போது யாராலும் அளக்க முடியாது என்றார். யாழ்ப்பாணத்து டிரசர் சொன்னதற்குமேல் அதிகமில்லை.

படிவத்தின் கடைசிக் கேள்விக்கு வந்தார். கூட வேலை செய்தவர்களில் யாருக்காவது ரத்தத்தில் இப்படி வந்ததா?

ஒருத்தருக்கு என்றேன்.

"சொந்தமா?"

"மச்சான்."

பேனா நின்றது. அக்கா வீட்டுக்காரரா, மனைவி கூடப்பிறந்தவரா என்று கேட்டார். எனக்கு அக்காவும் இல்லை, மனைவியும் இல்லை.

"தோட்டத்து மச்சான், டாக்டர்."

அவர் புரிந்துகொண்டு தலையாட்டினார். பிறகு அந்தக் கட்டத்தில், உறவு இல்லை என்று எழுதினார். எழுத்து அச்சு மாதிரி இருந்தது. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தேன்.